காதுகுத்துக்கு முந்தின நாள் தீம் பார்க்

1

ஞாயிறு தவறாமல் கைபேசியில் முகம் காட்டி வந்தால் ஒரு குழந்தைக்கு நம்மைத் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். இந்த மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரும் மடத்தனங்கள் எல்லாம் இதன் பிள்ளைகுட்டிகள்தான்.

குழந்தை, ராஜபாளையத்தில் இருக்கும் என் தங்கை செல்வியின் மகள் மகிழினி. நான் இருப்பது ஜெர்மனியில், ஆற்றங்கரைத் தொழிற்சாலை ஊர் ஒன்றில். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தம் கிடையாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டால்கூட எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். ஆகவே செல்விக்குப் போன் போடுவேன். மகி திரையில் வந்ததும் காபிக் கோப்பையைத் தலைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல் பேசுவேன். அவள் உருண்டு சிரிப்பாள்.

"கண்ணாடி மாமா, இன்னொருக்க."

என் மூக்குக்கண்ணாடிக்குத் தடித்த கறுப்புச் சட்டம். முகத்தில் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பட்டம். இன்னொருக்க வைப்பேன். நாலைந்து தடவையில் அவளுக்கு அலுத்துப்போகும், எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாரம் முடிந்துவிடும். இதற்குப் பெயர் உறவு என்று நினைத்திருந்தேன்.

2

மகிக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. காரணம் நான்.

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது ஊர் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மூன்று வயதில் நாள் பார்த்தபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புது அட்டைக்காகக் காத்திருந்தேன். அட்டை இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது சிரமம். அலுவலகத்து அம்மாளிடம், "என் தங்கை மகளின் காது காத்திருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் என் காதைப் பார்த்தார். பிறகு, மொழி வகுப்பு எங்கே நடக்கிறது என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

இப்போது ஐந்து. விட்டால் ஏழு.

"ஏழு வயசுப் பிள்ளை வெறுங்காதோட பள்ளிக்கூடம் போகுமாண்ணே? இப்பமே கேக்கா, எல்லாரும் தொங்கட்டான் போட்டிருக்காவ, எனக்கு எப்பம்னு" என்றாள் செல்வி.

அவள் புருஷனை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனுஷன். "மச்சானுக்கு லீவு கிடைக்கலைன்னா எங்க சித்தப்பா மடியில வச்சுக் குத்திருவோம்" என்று பின்னாலிருந்து சொன்னார்.

செல்வி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது திரையிலும் தெரிந்தது. பிறகு என்னிடம் சொன்னாள்: "அம்மா இல்ல, அப்பா இல்ல, வீட்டையும் குடுத்தாச்சு. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கது நீ ஒருத்தன்தான். எம் பிள்ளைக்கு மாமன் மடி உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லு."

உண்டு என்றேன். வேறு என்ன சொல்ல.

விடுப்பு கேட்டபோது மேலாளர் அனுதாபப்பட்டார். காது அறுவை சிகிச்சை ஆபத்தானதா என்று கேட்டார். சிகிச்சை இல்லை, தோடு போட ஓட்டை என்றேன். நகைக்கடையில் ஐந்து நிமிட வேலையாயிற்றே, உன் பங்கு அதில் என்ன என்றார். பங்கை விளக்க எனக்கு ஒரு சொல்தான் கிடைத்தது. "நான் நாற்காலி" என்றேன். அவர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு பத்து நாள் கொடுத்தார்.

3

வீட்டில் இன்னொரு பேச்சுவார்த்தை நடக்க வேண்டியிருந்தது.

என் மகள் ஆதிரைக்குப் பதினாலு வயது. ஊர் என்றால் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தட்டு மிக்சர், ஒரு கேள்வி: "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்." போன முறை, மகி பிறப்பதற்கு முன்னால், ஏழாவது வீட்டில் இவள் என் காதில் கேட்டாள்: "அப்பா, தப்பா சொன்னா என்ன ஆகும்?" அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்திருந்தாள். அன்றைக்குச் சமாதானமாக, அடுத்த தடவை தீம் பார்க் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அதை எடுத்து முன்னால் வைத்தாள். தமிழில் ஆரம்பித்து ஜெர்மனில் முடிக்கிற அவள் பாணியில், "முதல் நாள் எனக்கு. அப்புறம் எல்லா வீட்டுக்கும் வர்றேன். யாருன்னு கேட்டா சிரிக்கிறேன்" என்றாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை காலை மதுரையில் இறங்குகிறோம். ஞாயிறு காலை காதுகுத்து. அதன் பிறகு விருந்துகள். விருந்துக்கு நடுவில் தீம் பார்க் போகிறேன் என்று சொன்னால், போகாத வீட்டுக்காரர்கள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். ஆக மிஞ்சியது இறங்குகிற நாள் ஒன்றுதான். பூங்காவும் மதுரைக்குப் பக்கத்தில்தான்.

ஆனால் செல்வி எங்களை ஒரு நாள் முன்னதாக வரச் சொன்னதே, மகி என்னிடம் பழகட்டும் என்றுதான்.

என் மனைவி சுமதியிடம் கேட்டேன். "எனக்கு ஒரு கட்டில் வேணும். அது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் போங்க" என்றாள்.

4

கொழும்பு வழியாக மதுரையில் இறங்கி வெளியே வந்தபோது வெயில் வாசலிலேயே நின்று வரவேற்றது. பக்கத்தில் ஜெபராஜ் நின்றிருந்தார். மகியைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற வேன்காரர். சனிக்கிழமை பள்ளி இல்லை என்று மாப்பிள்ளை எங்களை அழைத்துவர அனுப்பியிருந்தார்.

"செல்வி அக்கா காலையிலயே உலை வச்சிட்டாவ அண்ணாச்சி. நேரா ஊருக்கு விட்டிரலாம்லா?" என்றார் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே.

நான் ஆதிரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அது நல்ல அறிகுறி அல்ல.

ரிங் ரோடு வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் திரும்பினால் பூங்கா. மறுபக்கம் திரும்பினால் திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். ஓரத்து டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. இன்னொரு டீ குடித்தேன். வாழ்க்கையில் நாடு விட்டு நாடு போகலாமா என்று முடிவெடுக்கக்கூட இவ்வளவு டீ செலவாகவில்லை.

செல்விக்குப் போன் செய்தேன்.

"ஆதிரையை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, சாயந்தரம் வந்திருதோம் செல்வி."

"எந்த எடம்?"

"தீம் பார்க்."

"எது, தண்ணியில சறுக்குவாவளே, அதாண்ணே?"

"அதான்."

பின்னால் குக்கர் விசிலடித்தது. "பிள்ளை பழகணும்னுதான் இன்னைக்கே வரச் சொன்னேன்."

"அவளுக்கு என்னைத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எம்புட்டுச் சிரிப்பா."

"சரிண்ணே" என்றாள். செத்த நேரம் கழித்து மறுபடியும், "சரி" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு சரி சம்மதம். இரண்டு சரி வந்தால் அது வேறு. தெரிந்தும் தெரியாத மாதிரி வேனில் ஏறினேன்.

"தூக்கமே வரக்கூடாது ஜெபராஜ். வெயில்ல நின்னு உடம்பை முழிக்க வச்சாத்தான் நேர மாத்தம் சரியாகும். டாக்டர்களே சொல்றாங்க." எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

"சரி அண்ணாச்சி. ஆனா பாப்பா லேசுல யார்ட்டயும் ஒட்டாது. எங்கிட்டயே ரெண்டு மாசம் அழுதுச்சு. இப்பம் முன்சீட்டுதான் வேணும்னு அடம். திரும்ப வாரப்ப தூங்கிரும், நாந்தான் தூக்கிட்டுப் போய் அக்கா கையில குடுப்பேன்."

"உங்களுக்கு ரெண்டு மாசம்னா எனக்கு அஞ்சு வருசம் ஆச்சுல்ல" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைப் பூங்கா பக்கம் திருப்பினார்.

5

பூங்காவில் முதலில் நம் துணியை வாங்கிக்கொண்டு நைலானில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். முழங்கால்வரை பச்சை, இடுப்புக்கு மேலே ஆரஞ்சு. அந்த உடையில் யாரும் யாருக்கும் மரியாதை கொடுக்க முடியாது. சுமதி ஒரு மரத்தடி பெஞ்சைக் கண்டுபிடித்துக் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள். அன்றைக்கு எங்களில் புத்தியோடு நடந்துகொண்டது அவள் ஒருத்தி.

ஆதிரை உயரமான சறுக்கு ஒன்றைக் காட்டினாள். "நீயும் வா" என்றாள். அவள் என்னை வா என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே படியேறிவிட்டேன். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்த பிறகுதான், கூப்பிட்டால் போக வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை என்று உறைத்தது. அவள் ஒரு சத்தமும் போடாமல் சறுக்கி மறைந்துவிட்டாள்.

சறுக்கின் வாயில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்தேன். விடவில்லை.

"கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துருங்க சார்" என்றார் அங்கே நின்ற ஊழியர்.

"கழட்டினா ஒண்ணும் தெரியாது தம்பி."

"தெரியாம இருந்தாத்தான் சார் நல்லது."

பின்னால் ஒரு மில்லில் இருந்து சுற்றுலா வந்த பெண்கள் கூட்டம், பச்சையும் ஆரஞ்சுமாக. அதில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, போறதுன்னா போங்க, இல்ல எந்திரிங்க. நாங்க அஞ்சு மணிக்கு பஸ்ஸப் பிடிக்கணும்."

இன்னொருத்தி, "பாவம், வீட்டுல சொல்லிட்டு வந்திருக்க மாட்டாவ" என்றாள்.

போனேன். போனேன் என்பது மரியாதையான சொல். பாதி வழியில் என் வாய் ஜெர்மனில் கடவுளைக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த மொழி எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது அப்போதுதான். தண்ணீரில் விழுந்து எழுந்தபோது உலகம் மங்கலாக இருந்தது. கண்ணாடி இல்லை.

ஆதிரையும் நானும் இரண்டு ஊழியர்களும் காலால் துழாவினோம். விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிட்டும் துழாவினோம். யாரோ ஒருவருடைய கொலுசு கிடைத்தது.

கரையில் உட்கார்ந்தபோது, "பிடிச்சுதா?" என்று அவளைக் கேட்டேன்.

"பரவாயில்லை. நம்ம ஊர்ல இருக்கிறது இதைவிடப் பெருசு" என்றாள்.

நம்ம ஊர் என்று அவள் சொன்னது ஜெர்மனியை. அவளைத் திருத்தத் தோன்றவில்லை. எனக்கு வெறுமனே அசதியாக இருந்தது.

6

திரும்பும் வழியில் ஜெபராஜ்தான் பேச்செடுத்தார். "கண்ணாடி இல்லாம உங்க முகமே வேற மாதிரி இருக்கு அண்ணாச்சி. பாப்பா உங்களக் கண்ணாடி மாமான்னுதானே சொல்லும்."

அந்த நேரம் வரை எனக்கு அது எட்டவே இல்லை. எட்டியதும், வழியில் கண்ணாடிக் கடை தெரிந்தால் நிறுத்தச் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைகளுக்கு நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை திறந்திருந்தது. உள்ளே ஓடினேன். என் பவருக்குக் கண்ணாடி வெட்டி மாட்ட மூன்று நாளாகும் என்றார் கடைக்காரர்.

"அப்ப சட்டம் மட்டும் குடுங்க. கறுப்பு. தடியா."

"வெறும் பிரேமா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைமுடியில் குளோரின் வாடை, இரண்டு நாள் தூக்கமில்லாத முகம். "சார், இது பாக்கறதுக்கா, காட்டறதுக்கா?"

"காட்டறதுக்கு."

"அப்ப இது சரியா இருக்கும்" என்று ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, கைக்கண்ணாடியை நீட்டினார். அதில் என் முகம் எனக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேனில் சுமதியும் ஆதிரையும் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

ராஜபாளையம் போய்ச் சேரும்போது எட்டு மணிக்கு மேல். செல்வி வாசலில் நின்றிருந்தாள்.

"மகி இம்புட்டு நேரமும் வாசல்லதான் நின்னா. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பாத்தா. இப்பத்தான் கண் அசந்தா. எழுப்ப வேண்டாம்ணே, நாளைக்கு வெள்ளன எந்திரிக்கணும்."

மத்தியானச் சாப்பாட்டைச் சுட வைத்துப் போட்டாள். நாலு வகைக் கூட்டு. ருசியாக இருந்தது. தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

7

எங்கள் குலசாமி கோவில் செட்டியார்பட்டிப் பக்கம், ஒரு வேப்பமரமும் நாலு தூணும். காலையில் மகி எழுவதற்கு முன்பே என்னைக் கூட்டிவந்து மாலை போட்டு, தோளில் புதுத் துண்டு போட்டு, பாயில் உட்கார வைத்தார்கள். தட்டில் தோடு, சந்தனம், வாழைப்பழம். ஆசாரி காது குத்துகிற கூர்க்கம்மலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டுப்பாவாடையில் மகியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள் செல்வி.

"மாமா பாரு. கண்ணாடி மாமா."

மகி என்னைப் பார்த்தாள். நானும் வெறும் சட்டத்துக்குள்ளிருந்து அவளைப் பார்த்தேன். இவ்வளவு கிட்டத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் மேலே பவுடர் வாசனை அடித்தது. போனில் வாசனை வராது. அவள் மெதுவாக ஒரு விரலை நீட்டிக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டாள். விரல் உள்ளே போய் என் இமையில் பட்டது.

அவ்வளவுதான். அப்படி ஓர் அலறலை நான் முந்தின நாள் சறுக்கில் மட்டுமே கேட்டிருக்கிறேன். அது என்னுடையது.

இறங்கி ஓடினாள். பிடித்து வந்தார்கள். மறுபடி ஓடினாள். நான் தண்ணீர்ச் செம்பைத் தலையில் கவிழ்த்தேன். அதில் தண்ணீர் இருந்தது. அவள் இன்னும் பயந்துபோனாள்.

"இது மாமா இல்ல. மாமா போன்ல இருக்கு" என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

"நேத்துக் காலையிலயே வந்திருந்தா ஒரு நாள் பாத்துப் பழகியிருக்கும்" என்றார் மாப்பிள்ளை. குத்திக் காட்டவில்லை, சும்மாதான் சொன்னார். அதனால்தான் தைத்தது.

"நல்ல நேரம் போயிட்டே இருக்கு" என்றார் ஆசாரி. "யாரு மடியின்னாலும் சரி, சீக்கிரம்."

மகி அதற்குள் யாரிடம் போய் ஒண்டியிருந்தாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மரத்தடியில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெபராஜின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "ஏ ஜெபராஜு, இங்க வந்து உக்காரு" என்றாள்.

"அக்கா, நானா? அண்ணாச்சி இருக்காவள்லா. எங்க சபைல கேட்டா என்ன சொல்லுவாவ."

"பிள்ளையப் பிடிச்சேன்னு சொல்லு."

நான் எழுந்து மாலையையும் துண்டையும் கழற்றி அவருக்குப் போட்டேன். கூச்சத்தில் அவர் கழுத்து குறுகிப்போயிருந்தது. மகி அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் கம்மலைக் கண்டதும் காதைப் பொத்திக்கொண்டு மறுபடி வீறிட்டாள்.

அப்போது ஆதிரை என் சட்டையை இழுத்தாள். "அப்பா, நீ மரத்துக்கு அந்தப் பக்கம் போ. போய் அத்தை நம்பருக்கு வீடியோ கால் பண்ணு."

"இங்க இருந்துக்கிட்டேவா?"

"அவளுக்கு நீ அங்கதான் இருக்கே" என்றாள். பிறகு தமிழ் போதாமல் ஜெர்மனில் சொன்னாள்: "எனக்கு அத்தை அப்படித்தான். நேரில் பார்த்தால் முதலில் வேறு யாரோபோல இருக்கும்."

செல்வியின் போனை வாங்கி மகிக்கு எதிரே அவள் பிடித்துக்கொண்டாள். நான் பூசைச் சாமான்களில் இருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனேன். சிக்னல் இரண்டு கோடு காட்டியது. கூப்பிட்டேன். பத்தடி தூரத்தில் மணி அடித்தது. திரையில் மகி தெரிந்தாள், கண்ணீரோடு, யாரோ ஒருவருடைய மாலைக்குக் கீழே. போனில் வெறும் சட்டம் என்று தெரியாது.

டம்ளரைத் தலையில் கவிழ்த்து வைத்தேன்.

"கண்ணாடி மாமா" என்றாள். குரல் போனிலும் கேட்டது, மரத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது. "இன்னொருக்க."

இன்னொருக்க வைத்தேன். ஒரு காது குத்தினார்கள். அழுதாள். இன்னொருக்க வைத்தேன். மற்றக் காதும் குத்தினார்கள்.

என் தங்கை மகளுக்கு ஐந்து வயதில், செட்டியார்பட்டிப் பக்கத்துக் கோவிலில், வேன் ஓட்டும் ஜெபராஜ் மடியில் காது குத்தியாயிற்று. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.